பழைய விசையுந்துகளின் நெகிழிப் பாகங்களைப் புதுப்பித்தல்

பழைய விசையுந்துகளின் நெகிழிப் பாகங்களைப் புதுப்பித்தல் என்பது, வெயில், வெப்பம், காற்றிலுள்ள ஆக்சிசன், எரிபொருள், அதிர்வு ஆகியவற்றால் காலப்போக்கில் நிறம் மங்கி, வெளிறி அல்லது வெடித்துப்போன நெகிழிப் பாகங்களை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் செயல்முறைகளைக் குறிக்கும். இவற்றோடு சேர்ந்து மூப்படையும் இரப்பர், உலோகப் பாகங்களைச் சீர்செய்தலும் இதன் பகுதியாகவே கருதப்படுகின்றது. உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டிகளுக்குப் புதிய உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிது. ஆகையால் இருக்கும் பாகத்தையே காப்பாற்ற வேண்டிய தேவை எழுகின்றது.

இத்துறையில் தோற்றம், வலிமை என்னும் இரண்டையும் பிரித்துப் பார்த்தல் இன்றியமையாதது. பெரும்பாலான முறைகள் பாகத்தின் மேற்பரப்பை மட்டுமே சீராக்குகின்றன. சிதைந்த பொருளின் வலிமையை அவை மீட்பதில்லை. பக்க மூடி போன்ற அலங்காரப் பாகத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. தடை நீர்மக் குழாய், டயர் போன்ற பாகங்களில் அது உயிர் தொடர்பான ஒன்றாகும்.

வரலாறு

தொடக்ககால விசையுந்துகள் எஃகு, பித்தளை, தோல், இயற்கை இரப்பர் ஆகியவற்றால் ஆனவை. லியோ பேக்லண்ட் 1907 இல் உருவாக்கிய பேக்லைட்டு, மின்காப்புப் பண்பு கொண்டதாகையால் மின் பாகங்களில் பயன்பட்டது. உடல் பாகங்களில் நெகிழியைப் பெருமளவில் புகுத்திய வண்டிகளுள் முதன்மையானது 1958 இல் சப்பானில் வெளியான ஓண்டா சூப்பர் கப் ஆகும். இதன் கால்காப்பும் முன் சேற்றுக்காப்பும் பாலிஎத்திலீனால் செய்யப்பட்டிருந்தன. எடை குறைவும், துருப்பிடிக்காமையும், வளைந்தாலும் பழைய வடிவுக்கு மீளும் தன்மையும் இதன் நன்மைகளாகும்.

1970களில் கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் பந்தய வண்டிகளில் நெகிழிச் சேற்றுக்காப்புகள் பரவின. 1985 இல் வெளியான சுசூக்கி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 போன்ற வண்டிகளோடு, உடல் முழுவதையும் மூடும் காற்றுத்தடுப்பு உறைகள் பொதுச் சாலைக்கும் வந்து சேர்ந்தன. இந்தியாவில் இம்மாற்றம் 1980களின் நடுப்பகுதியில் சப்பானிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் வெளிவந்த 100 சிசி வண்டிகளோடு தெளிவாகத் தெரியத் தொடங்கியது. ஓசூரில் தயாரிக்கப்பட்ட இண்ட்-சுசூக்கி ஏஎக்ஸ்100 (1984), ஈரோ ஓண்டா சிடி100 (1985), யமகா ஆர்எக்ஸ்100 (1985) ஆகியன இவ்வகையின. இன்று இவ்வண்டிகளின் நெகிழிப் பாகங்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வெயிலைக் கண்டவை.

சிதைவுக்கான காரணங்கள்

நெகிழிகள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பல்பகுதியங்கள் ஆகும். நிலத்தை வந்தடையும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் வரையான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் உள்ளன. இக்கதிர்களின் ஆற்றல் வேதிப்பிணைப்புகளை உடைத்து, கட்டற்ற உறுப்புகள் எனப்படும் வினைத்திறன் மிக்க துண்டுகளை உருவாக்குகின்றது. இவை ஆக்சிசனோடு சேர்ந்து பெராக்சைடுகளாகின்றன. அப்பெராக்சைடுகள் மேலும் பல கட்டற்ற உறுப்புகளைத் தோற்றுவிப்பதால் வினை தொடர்ந்து பெருகுகின்றது. இது ஒளி ஆக்சிசனேற்றம் எனப்படும். இதைத் தடுக்கவே தயாரிப்பாளர்கள் நெகிழியில் நிலைப்படுத்திகளைக் கலக்கின்றனர். ஆனால் அவை ஆண்டுகள் செல்லச் செல்லத் தீர்ந்துபோகின்றன.

புற ஊதாக் கதிரும் ஆக்சிசனும் ஆழமாக ஊடுருவாமையால் சிதைவு பெரும்பாலும் மேற்புற மெல்லிய அடுக்கிலேயே நிகழ்கின்றது. உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்கும் முறை பலனளிப்பதற்கு இதுவே காரணம். சிதைவு மூன்று வகையாக வெளிப்படுகின்றது:

* மஞ்சளாதல்: ஆக்சிசனேற்றத்தால் உருவாகும் சில வேதித்தொகுதிகள் நீல ஒளியை உறிஞ்சுவதால், வெண்ணிற நெகிழி மஞ்சளாகத் தோன்றுகின்றது.
* வெளிறுதல்: மேற்பரப்பில் தோன்றும் நுண்வெடிப்புகள் ஒளியைச் சிதறச் செய்வதால் கறுப்பு நெகிழி சாம்பல் நிறமாகத் தெரிகின்றது. காய்ந்த கருங்கல் வெளிறியும் நனைந்த கருங்கல் கறுத்தும் தோன்றுவதற்கும் இதே கோட்பாடே காரணம்.
* நொறுங்குதன்மை: மேலடுக்கு நெகிழ்வை இழக்கின்றது. அதில் தோன்றும் வெடிப்பு, கெடாமல் இருக்கும் உட்புறத்திற்கும் பரவக்கூடும். எனவே மெல்லிய சிதைவு அடுக்கு ஒன்றே முழுப் பாகத்தையும் பலவீனப்படுத்தப் போதுமானது.

நெகிழி வகையை இனங்காணல்

ஒரு நெகிழிக்குப் பொருந்தும் முறை மற்றொன்றை அழித்துவிடக்கூடும் என்பதால், வகையை அறிதலே முதற்படியாகும். பல பாகங்களின் உட்புறத்தில் நெகிழியின் குறியீட்டெழுத்துகள் அச்சாகியிருக்கும். பழைய பாகங்களில் இக்குறி இல்லையெனின், உட்புறத்திலிருந்து செதுக்கி எடுத்த சிறு துண்டை நீரில் இட்டுப் பார்க்கலாம். பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை, ஆகவே மிதக்கும். மற்றவை மூழ்கும்.

* ஏபிஎஸ்: பக்க மூடிகள், காற்றுத்தடுப்பு உறைகள், பின்பகுதி உறைகள். அடர்த்தி ஏறத்தாழ 1.05. ஏறத்தாழ 105 பாகை செல்சியசில் மென்மையாகும். அசிட்டோனில் கரையும்.
* பாலிபுரோப்பிலீன்: சேற்றுக்காப்புகள், வண்ணம் பூசப்படாத கறுப்பு உறைகள். அடர்த்தி ஏறத்தாழ 0.90. உருகுநிலை ஏறத்தாழ 165 பாகை. அறை வெப்பநிலையில் பொதுவான கரைப்பான்களில் கரையாது. வண்ணமும் பசையும் எளிதில் ஒட்டா.
* பாலிகார்பனேட்டு: பிற்கால முகப்பு விளக்குகளின் கண்ணாடி. அடர்த்தி ஏறத்தாழ 1.20. மோதலைத் தாங்கும், ஆனால் கரைப்பான்கள் பட்டால் வெடிப்பு விடும்.
* அக்ரிலிக்கு: காற்றுத்தடுப்புக் கண்ணாடிகள், சில விளக்கு மூடிகள். அடர்த்தி ஏறத்தாழ 1.18. எளிதில் மஞ்சளாகாது, ஆனால் எளிதில் உடையும்.

புதுப்பிக்கும் முறைகள்

தூய்மைப்படுத்தல்

மிதமான சோப்பு நீராலும் மென்மையான தூரிகையாலும் கழுவுதலே முதல் வேலை. மங்கல் எனக் கருதப்பட்டது வெறும் எண்ணெய்ப் படலமும் தூசியும் என்பது பல வேளைகளில் இக்கட்டத்திலேயே தெரியவரும். பட்டறைகளில் கைக்கு எட்டும் பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவற்றால் துடைப்பது பரவலான தவறாகும். அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். பெட்ரோல் பாலிகார்பனேட்டில் நுண்வெடிப்புகளை ஏற்படுத்தும். காற்றுத்தடுப்புக் கண்ணாடியில் ஆல்ககால், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களைத் தவிர்க்க வேண்டும்.

எண்ணெய், சிலிக்கோன் பூச்சுகள்

வெளிறிய கறுப்பு நெகிழியில் எண்ணெய் தடவினால் உடனே கறுப்பு நிறம் மீள்கின்றது. எண்ணெய் நுண்வெடிப்புகளை நிரப்பி ஒளிச்சிதறலைக் குறைப்பதே இதற்குக் காரணம். சிதைவு நீங்குவதில்லை; எண்ணெய் கழுவப்பட்டவுடன் வெளிறல் திரும்பும். சிலிக்கோன் பூச்சுக்கு மற்றொரு குறைபாடும் உண்டு. அதன் எச்சம் இருக்கும் இடத்தில் பின்னர் வண்ணம் பூசினால், வண்ணம் விலகி மீன்கண் போன்ற குழிகள் உண்டாகும். டயர், தடை வட்டு, கால்வைப்பான் ஆகியவற்றில் இப்பூச்சு பட்டால் வழுக்கி விபத்து நேரலாம்.

வெப்பமூட்டல்

வண்ணம் பூசப்படாத கறுப்புப் பாலிபுரோப்பிலீனில் ஈட் கன் எனப்படும் வெப்பக்காற்றுக் கருவியைச் சீராக நகர்த்தினால், மேற்பரப்பு இளகி நுண்வெடிப்புகள் மூடிக்கொண்டு நிறம் மீள்கின்றது. இதன் பயன் எண்ணெயைவிட நீடிக்கும். எனினும் நிலைப்படுத்திகள் தீர்ந்த நெகிழி மீண்டும் வெளிறும். ஒரே இடத்தில் காட்டினால் பாகம் உருக்குலையும். ஏபிஎஸ்ஸும் அக்ரிலிக்கும் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே வளைந்துவிடுவதால் அவற்றுக்கு இம்முறை ஏற்றதன்று.

தேய்த்து மெருகேற்றல்

நிறம் நெகிழியினுள்ளேயே கலந்துள்ள பாகங்களில் சிதைந்த அடுக்கை அகற்றி, உள்ளிருக்கும் நல்ல நெகிழியை வெளிக்கொணரலாம். கீறல்களின் ஆழத்திற்கேற்ப 400 அல்லது 600 எண் நீர் உப்புத்தாளில் தொடங்கி, 800, 1000, 1500, 2000 எனப் படிப்படியாக நுண்மையான தாளுக்குச் சென்று, இறுதியில் மெருகுப் பசையால் தேய்ப்பர். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல்கள் முற்றிலும் மறைந்தனவா என்பதை எளிதாகக் காணலாம். சுழலும் எந்திரத்தால் மெருகேற்றும்போது உராய்வு வெப்பத்தால் நெகிழி இளகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலிகார்பனேட்டு விளக்குக் கண்ணாடியில் ஆலையிலேயே இடப்பட்ட கடினப் பூச்சு ஒன்று இருக்கும். தேய்க்கும்போது இப்பூச்சும் நீங்கிவிடுகின்றது. அதற்கு மாற்றாகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சு இடாவிடில், கண்ணாடி முன்னிலும் விரைவாக மஞ்சளாகும்.

பெராக்சைடு முறை

பழைய கணினிகளின் மஞ்சளான உறைகளை வெளுக்கச் செய்வதற்காக 2008 அளவில் ஆர்வலர்களிடையே பரவிய முறை இதுவாகும். ஐதரசன் பெராக்சைடு கரைசலையோ பசையையோ பாகத்தின் மீது தடவி, காயாமல் மெல்லிய நெகிழித் தாளால் மூடி, வெயிலிலோ புற ஊதா விளக்கின் கீழோ சில மணி நேரம் வைப்பர். வெண்ணிற ஏபிஎஸ் பாகங்களில் இது பலனளிக்கின்றது. பசை ஆங்காங்கே காய்ந்தால் திட்டுத்திட்டாக வெளுக்கும். சிவப்பு, நீலம் முதலிய வண்ண நெகிழிகளில் நிறமியும் வெளுக்கக்கூடும். மஞ்சள் நிறம் மீண்டும் வருவதும் உண்டு. வெளுத்தல் நொறுங்குதன்மையை நீக்குவதில்லை. அடர்ந்த பெராக்சைடு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால் கையுறையும் கண்காப்பும் கட்டாயமாகும்.

வண்ணம் பூசுதல்

முதலில் வண்ணம் பூசப்பட்டிருந்த பாகங்களுக்கும், தேய்த்தும் நிறம் மீளாத பாகங்களுக்கும் இதுவே வழி. பரப்பை 400 முதல் 600 எண் தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப்பசை நீக்கி, அடிப்பூச்சு, வண்ணம், தெளிபூச்சு என்ற வரிசையில் பூசுவர். பாலிபுரோப்பிலீனுக்கு அடிப்பூச்சுக்கு முன் ஒட்டுதல் மேம்படுத்தி ஒன்று தேவை. இல்லாவிடில் வண்ணம் தோல்போல் உரிந்துவிடும். பழைய ஒட்டிகளை நீக்குமுன் அவற்றை அளந்து ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுதல் நன்று. பின்னர் அவற்றைப் போலவே அச்சிட இதுவே ஆதாரமாகும். இருகூறு பாலியூரித்தேன் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட்டுகள் ஆத்துமாவை உண்டாக்கக்கூடியவை. துணியை முகத்தில் கட்டிக்கொள்வது இதற்குப் பாதுகாப்பாகாது; தூய காற்று செலுத்தப்படும் முகமூடி அணிய வேண்டும்.

வெடிப்புகளைச் சீர்செய்தல்

வெடிப்பின் நுனியில் தகைவு குவிவதால் அது மேலும் நீள்கின்றது. ஆகவே முதலில் நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளையிட்டு அதை நிறுத்துவர். பின்னர் உட்புறமாக வெடிப்பு நெடுக ஆங்கில 'வி' வடிவப் பள்ளம் வெட்டப்படுகின்றது. ஏபிஎஸ் எனின், அதே வகை நெகிழித் துண்டுகளை அசிட்டோனில் கரைத்த குழம்பை இப்பள்ளத்தில் நிரப்பி, மெல்லிய உலோக வலையையோ கண்ணாடி இழைத் துணியையோ உட்புறம் பதிப்பர். கரைப்பான் முற்றிலும் ஆவியாகச் சில நாட்கள் விட்ட பின்பே தேய்க்க வேண்டும். பாலிபுரோப்பிலீன் கரையாதாகையால், அதே பொருளால் ஆன குச்சியை வெப்பக்காற்றால் உருக்கி ஒட்டவைக்கின்றனர்.

வெடிப்பு பெரும்பாலும் திருகு மாட்டும் காதுகளில் தொடங்குகின்றது. அங்கு அதிர்வைத் தாங்கும் இரப்பர் வளையம் காய்ந்தோ தொலைந்தோ இருப்பதே இதற்கான பொதுவான காரணமாகும். வளையத்தை மாற்றாமல் வெடிப்பை மட்டும் ஒட்டினால் அது அதே இடத்தில் திரும்ப வெடிக்கும்.

இரப்பர் பாகங்கள்

நெகிழி மங்கினால் கண்ணுக்குத் தெரியும். இரப்பரின் மூப்போ பெரும்பாலும் மறைவாக நிகழ்கின்றது. இயற்கை இரப்பரின் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்குகின்றது. இழுவிசையில் உள்ள இடங்களில், அவ்விசைக்குக் குறுக்காக வெடிப்புகள் தோன்றுகின்றன.

* கார்புரேட்டர் இணைப்புக் குழல்: இது இறுகி வெடித்தால் கூடுதல் காற்று உட்புகுந்து கலவை மெலிகின்றது. எந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும். ஈரடிப்பு எந்திரத்தில் எரிபொருளோடுதான் மசகெண்ணெயும் செல்வதால், உந்துதண்டு உருளையோடு இறுகிப் பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்ளக்கூடும். இறுகிய குழலை விண்டர்கிரீன் எண்ணெய்க் கலவையில் ஊறவைத்து மென்மையாக்குவது ஆர்வலர்களிடையே வழக்கம். இது இரப்பரை ஊதச்செய்து சிறிது காலம் வளையச் செய்யுமேயன்றி வெடிப்பை மூடாது. இவ்வெண்ணெய் உட்கொண்டால் நஞ்சாகும்.
* தடை நீர்மக் குழாய்: வெளியே நன்றாகத் தோன்றினும் உட்சுவர் ஊதி வழியை அடைத்திருக்கலாம். அவ்வாறாயின் நெம்புகோலை விட்ட பின்பும் தடை விடுபடாது. பல சப்பானியக் கையேடுகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை குழாயையும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீர்மத்தையும் மாற்றுமாறு கூறுகின்றன. நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதே இதற்குக் காரணம். டாட் 4 நீர்மத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு. ஈரம் ஏறிய நிலைக்கான குறைந்த அளவு 155 பாகை மட்டுமே.
* தடை அடைப்பான்கள்: கிளைக்கால் நீர்மத்திற்கென அமைந்த ஈபிடிஎம் இரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும். எனவே இவற்றைப் பெட்ரோலாலோ கிரீசாலோ துடைத்தல் கூடாது.
* முன்கவை எண்ணெய் அடைப்பான்: கசியும் எண்ணெய் தடை வட்டில் இறங்கினால் தடை பிடிக்காது.
* எரிபொருள் குழாய்கள்: இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்தது. எத்தனாலைக் கருதாமல் தயாரிக்கப்பட்ட பழைய குழாய்களும் அடைப்பான்களும் இதனால் ஊதியோ வெடித்தோ கசியலாம். சூடான எந்திரத்தின் மேல் கசியும் பெட்ரோல் தீவிபத்துக்கு வழியாகும்.
* டயர்: 2000 ஆம் ஆண்டு முதல் தயாரிக்கப்பட்டவற்றின் பக்கச் சுவரில் நான்கிலக்கக் குறி உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் காட்டும். 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். மூன்றிலக்கக் குறி மட்டுமே உள்ள டயர் 2000 க்கு முந்தையது. பூ தேயாதிருந்தாலும் அதை ஓட்டத்துக்குப் பயன்படுத்தலாகாது.

மேற்கண்டவற்றுள் குழாய், அடைப்பான், டயர் ஆகியவற்றுக்குப் புதுப்பித்தல் என்ற ஒன்று இல்லை; மாற்றுதல் மட்டுமே உண்டு.

உலோகப் பாகங்கள்

குரோமியப் பூச்சு மிக மெல்லியது. அதன் கீழுள்ள நிக்கல் அடுக்கே எஃகைக் காக்கின்றது. நுண்துளைகளின் வழியே எழும் மேலோட்டமான துருவை, நீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்து நீக்கலாம். பூச்சு உரிந்திருந்தால் மீண்டும் பூசுவதே வழி. பூச்சுத் தொட்டிகளில் பயன்படும் அறுவலு குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குரோமியம் மூவாக்சைடு 2017 முதல் சிறப்பு ஒப்புதலின்றிப் பயன்படுத்த இயலாத பொருளாகும்.

எரிபொருள் தொட்டியின் உட்துருவைச் சிட்ரிக் அமிலக் கரைசலாலோ மின்பகுப்பாலோ நீக்குகின்றனர். மின்பகுப்பில் துருவேறா எஃகை நேர்மின்வாயாகப் பயன்படுத்தினால் அறுவலு குரோமியம் உருவாகும் என்பதால் சாதாரண இரும்பையே பயன்படுத்த வேண்டும். பழைய தடைக் கட்டைகளில் கல்நார் இருந்திருக்கக்கூடும். ஆகவே தடை உருளையிலுள்ள தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுத்தல் வேண்டும்.

அசல் தன்மை

ஒரு வண்டியை எந்த அளவுக்குப் புதிதாக்கலாம் என்பதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. பழைய வண்ணமும் தேய்மானமும் வண்டியின் வரலாற்றுச் சான்றுகள் என்றும், ஒருமுறை நீக்கினால் அவை திரும்பா என்றும் ஒரு சாரார் கருதுகின்றனர். ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிலையே உண்மையான நிலை என்பது மற்றொரு சாராரின் கருத்து. பழமை வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012 இல் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயம், பேணல், காத்தல், மீட்டமைத்தல் ஆகியவற்றை வேறுபடுத்தி, இயன்றவரை குறைந்த தலையீட்டையும், செய்த வேலைகளைப் பதிந்து வைத்தலையும் வலியுறுத்துகின்றது.

இந்தியாவில் இது சட்டம் சார்ந்த கேள்வியும் ஆகும். 2021 இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேற்பட்டதும், அசல் வடிவில் பேணப்படுவதுமான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறலாம். அடிச்சட்டம், உடற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டவை இத்தகுதியை இழக்கின்றன. 1984, 1985 ஆம் ஆண்டுகளின் 100 சிசி வண்டிகள் 2030களின் நடுப்பகுதியில் இவ்வயதை எட்டும். இன்று ஒரு பக்க மூடியைத் தூக்கியெறிவதா சீர்செய்வதா என்னும் முடிவு, அன்று அவ்வண்டியை அசல் வடிவில் காட்ட இயலுமா என்பதையும் பாதிக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* விசையுந்து
* நெகிழி
* பல்பகுதியம்
* புற ஊதாக் கதிர்
* இரப்பர்
* துரு